ஒத்தைத் தப்பு தேடிய ஜெசிந்தா டீச்சர்

செய்தி வந்தபோது நான் மாவு மில்லில் நின்றுகொண்டிருந்தேன். வருஷத்துக்கான மிளகாயை அரைக்கக் கொடுத்திருந்தேன். எங்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் பாக்கியம் போனில் கூப்பிட்டார். பாக்கியம் எப்போதும் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "டீச்சர், ஜெசிந்தா டீச்சர் தவறிட்டாக. காலையில அஞ்சு மணிக்காம்" என்றார். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்த மில்காரர், "நெடி ஏறுதுல்லம்மா, அங்குட்டுத் தள்ளி நில்லுங்க" என்றார். அழுவதற்கு அதைவிட வசதியான இடம் எனக்குக் கிடைத்திருக்காது. மிளகாய்த்தூளை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அவருடைய சொந்த ஊரான காளையார்கோவிலில் அடக்கம் நடந்தது. நம் ஒன்றியத்து ஆசிரியர்களான நீங்கள் பெரும்பாலோர் வந்திருந்தீர்கள். மாதா கோயில் வளாகத்தில் நின்று பேசியவர்கள் எல்லோரும் அவர் அன்பானவர், எளிமையானவர், பொறுமையானவர் என்றார்கள். முதல் இரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன். பொறுமையானவர் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவரோடு ஒரே பள்ளியில், ஒரே மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். ஒரு பிள்ளையின் விஷயம் என்று வந்துவிட்டால் அவருக்கு அரை நாள் பொறுக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்தபோது நான் ஓய்வு பெற நான்கு வருஷம் இருந்தது. நான் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துக் காத்துக் காத்து, முப்பத்தொன்பதாவது வயதில் வேலைக்கு வந்தவள். அவர் இருபத்துமூன்றிலேயே வந்துவிட்டார். வயதில் எனக்கு எட்டு வருஷம் சின்னவர், சர்வீஸில் எனக்கு மேலே. வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "நீங்க பெரியவுக. ஏதாச்சும் தப்பாச் செஞ்சா சொல்லுங்க டீச்சர்" என்றார். சொல்லச் சொன்னவரிடம் குறை சொல்வது எனக்குச் சுலபம். ஒரு மாதத்தில் பத்துப் பதினைந்து குறையாவது சொல்லியிருப்பேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுத் தான் நினைத்ததையே செய்தார்.

கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் வரும் சின்னப் பள்ளி எங்களுடையது. ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்ந்து என்னிடம் இருந்தன. நான்காம் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண். படுசுட்டி. அவள்தான் என் வகுப்புத் தலைவி. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது நான்காம் வகுப்பை அவள் பார்த்துக்கொள்வாள். நோட்டுத் திருத்துவாள், வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பாள், பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதி வைப்பாள். இரண்டு வகுப்பு வைத்திருக்கும் ஆசிரியை யாராயிருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். நீங்களும் செய்திருப்பீர்கள்.

ஒரு நாள் சாயங்காலம் ஜெசிந்தா டீச்சர் என்னிடம், "மங்கை டீச்சர், தர்ஷினி இன்னைக்கு என்ன படிச்சா?" என்று கேட்டார்.

"அவளுக்கு எல்லாம் தெரியும் டீச்சர். மத்த பிள்ளைகளுக்கு அவதான சொல்லிக்கொடுக்கிறா" என்றேன், பெருமையாக.

"அது சரி. அவளுக்கு யாரு சொல்லிக்கொடுக்குறா?"

எனக்குச் சுருக்கென்றது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாளிலிருந்து தர்ஷினிக்குத் தலைவி வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் தன் கையால் ஒரு தாளில் ஒரு கேள்வி எழுதி அவளிடம் கொடுப்பார். பாடப்புத்தகத்தில் இருக்காது, கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். தர்ஷினிக்கு அது வரை எதுவும் தப்பாய்ப் போனதில்லை. முதல் நாள் கேள்விக்கு விடை வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. டீக்கடை வைத்திருக்கும் அவள் அப்பா பள்ளிக்கு வந்து, "எம்பிள்ளைய எதுக்கு அழுக வைக்கிறீக?" என்று சத்தம் போட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் ஜெசிந்தா டீச்சர் மழுப்பவில்லை. "நான் அவசரப்பட்டுட்டேண்ணே. என் தப்புதான். நாளைக்கு அனுப்புங்க, பக்கத்துல உக்காந்து நானும் சேர்ந்து போடுறேன்" என்றார். அப்படியே செய்தார். தனக்கே விடை தெரியாத கேள்வியாக எடுத்துக்கொண்டு, தர்ஷினி பார்க்கப் பார்க்க அடித்து அடித்து எழுதினார். பெரியவர்களும் தப்புப் போடுவார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணுக்குப் பயம் தெளிந்துவிட்டது.

இதைப் பார்த்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் நேராகவே கேட்டேன். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, எல்லாம் தெரிந்தவளுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றேன். அப்போது பாக்கியம் பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டை நீட்டி மறுபடியும் கேட்டாள். பாக்கியம் ஒரு கரண்டி போட்டார். ஜெசிந்தா டீச்சர் அதைக் காட்டி, "ஒனக்குத்தான் ஏற்கெனவே போட்டாச்சேன்னு பாக்கியம் திருப்பி அனுப்புனாகளா? அந்தப் பிள்ளைக்கு வயிறு பெருசு, போடத்தான வேணும்? அதுக்காக மத்த பிள்ளை தட்டுலருந்து எடுக்கலையே" என்றார்.

"சோறு வேற, படிப்பு வேற" என்றேன்.

"படிப்புப் பசிய வெளியில சொல்லத் தெரியாது டீச்சர். சேட்டை பண்ணும், இல்லாட்டி சும்மா உக்காந்திருக்கும். நாமதான் பாத்துப் போடணும்" என்றார். பாக்கியம் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் சாப்புட்டு முடிச்சுச் சண்டை போடுங்க, பாத்திரம் கழுவணும்" என்று எங்களைப் பிரித்துவிட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்ததும் எல்லாக் கட்டையும் தன் மேசைக்கு வாங்கிக்கொள்வார். நூறு வாங்கியவர்களின் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தப்புகளைத்தான் பார்ப்பார். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாத் தாளிலும் அதற்கு என்ன விடை இருக்கிறது என்று வரிசையாகப் பார்ப்பார். பத்துப் பேர் ஒரே தப்பைப் போட்டிருந்தால், "இது நம்ம நடத்துனதுல உள்ள கோளாறு" என்பார். வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை, வேறு யாருமே போடாத தப்பைப் போட்டிருந்தால் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் ஒத்தைத் தப்பு. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, திட்டாமல், "இது எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேட்பார். பாதி நேரம் அது வெறும் கவனக் குறைவாகத்தான் இருக்கும். சில சமயம் அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். "சரியா எழுதுறதுக்குப் பக்கத்துத் தாளப் பாத்தாப் போதும். யாரும் போடாத தப்பப் போடணும்னா சொந்தமா யோசிச்சிருக்கணும்ல" என்பது அவர் வாதம். எச்.எம். தப்புப் பொறுக்கப் போயிருக்கிறார் என்று நானும் இன்னொரு ஆசிரியையும் கேலி பேசுவோம். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

இனி முத்தரசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்கு எனக்குத்தான் கஷ்டம்.

முத்தரசி என் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அப்பா வெளியூரில் கட்டட வேலை. அம்மா வள்ளி இரண்டு மூன்று பெரிய வீடுகளில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு அப்போதுதான் வந்திருந்தது. ரொம்பப் பின்தங்கியவர்கள் அரும்பு. முத்தரசியை நான் அரும்பில் உட்கார வைத்தேன். பத்துக் கணக்குக் கொடுத்தால் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் கோடு போட்டு வைப்பாள். எழுதச் சொன்னால் ஜன்னலைப் பார்ப்பாள். கேள்வி கேட்டால் பதிலுக்கு என்னையே ஒரு கேள்வி கேட்பாள். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் பட்டியல் கேட்டுக் கடிதம் வந்தபோது அவள் பெயரை முதலில் எழுதினேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த வள்ளியிடம், "ஒன் மகளுக்குப் படிப்பு ஏறாது போல, தாயி. வேற ஏதாச்சும் கைவேலை பழக்கிவிடு" என்று சொன்னேன். நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சொன்னேன். இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லிவந்தேன்.

காலாண்டு விடுமுறைக்கு முன்னால் கணக்குக்கு நானே ஒரு தேர்வு வைத்தேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஜெசிந்தா டீச்சர் அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தார். சாயங்காலம் ஒரு தாளோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். முத்தரசியின் தாள். கேள்வி இதுதான்: ஒரு பந்தலின் ஒரு பக்கத்தில் ஆறு கால்கள் வரிசையாக நட்டிருக்கிறார்கள், ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே ஐந்து அடி, அந்தப் பக்கத்தின் நீளம் என்ன? பெருக்கல் பாடம் முடிந்திருந்ததால் ஆறைந்து முப்பது வரட்டும் என்று நானே எழுதிய கேள்வி. வகுப்பே முப்பது என்று எழுதியிருந்தது. முத்தரசி மட்டும் இருபத்தைந்து. நான் சிவப்பு மையில் பெரிதாகத் தப்புப் போட்டிருந்தேன்.

"ஒத்தைத் தப்பு டீச்சர்" என்றார்.

"வாய்ப்பாடு தெரியாத பிள்ளை. கூட்டிக்கூட்டிப் பாத்து எங்கயோ ஒரு அஞ்ச விட்ருக்கும்" என்றேன்.

அவர் தாளின் பின்பக்கத்தில் ஆறு கோடு இழுத்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். நான் அந்தக் கோடுகளைப் பார்க்க மாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு மேசையில் கிடந்த சாக்பீஸ்களை எடுத்து ஒன்று, இரண்டு என்று ஆறு வரைக்கும் நிறுத்தினேன். இடைவெளிகளை எண்ணினேன். ஐந்துதான் இருந்தது. மறுபடியும் எண்ணினேன். இருபது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் போட்ட விடை தப்பு, அரும்பில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பிள்ளை போட்ட விடை சரி.

அவர் திரும்பி வந்தபோது நான் சாக்பீஸ்களை அவசரமாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தார், பார்க்காதது போல இருந்தார். "அந்தப் பிள்ளையக் கூப்பிடுங்க, எப்படிப் போட்டான்னு கேப்போம்" என்றார். முத்தரசி அன்று வரவில்லை. பாக்கியத்திடம் விசாரித்தபோதுதான் தெரிந்தது. வள்ளியின் தங்கைக்குக் காளையார்கோவிலில் இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முத்தரசியைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டார்களாம். "டீச்சரே ஏறாதுன்னுட்டாக, பெறகு என்னத்துக்குப் பள்ளிக்கூடம்னு வள்ளி சொல்லிக்கிட்டுத் திரியிறா" என்றார் பாக்கியம்.

ஜெசிந்தா டீச்சர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு பெர்மிஷன் எழுதிக் குடுத்துட்டு என்னோட வாங்க" என்றார்.

"நீங்க போய்ச் சொன்னாப் போதாதா? எச்.எம். சொன்னாக் கேப்பாக" என்றேன்.

"நான் எதுவும் சொல்லலையே டீச்சர். சொன்னது நீங்க. சொன்ன வாய்தான் போய்ச் சொல்லணும்."

மறுநாள் மதியத்துக்கு மேல் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் காளையார்கோவில் பஸ் ஏறினோம். ஒரு மணி நேரப் பயணம். நான் என்ன சொல்வது என்று மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொய்யாப்பழம் சாப்பிட்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வள்ளியையும் அவள் தங்கை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார். சின்ன வீடு. உத்தரத்தில் இரண்டு தொட்டில். ஒரு தொட்டிலை முத்தரசி ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். ஜெசிந்தா டீச்சர் அவளிடம் நேராகப் போய், "பந்தக் கணக்குல இருபத்தஞ்சுன்னு எழுதியிருந்தியே, எப்படி?" என்று கேட்டார்.

முத்தரசி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆறாவது காலுக்கு அங்குட்டுப் பந்தல் இல்லையே டீச்சர்" என்றாள்.

"ஒரு பஸ் ஏழு ஸ்டாப்புல நிக்கிது. ஒரு ஸ்டாப்புலருந்து அடுத்த ஸ்டாப்புக்கு மூணு நிமிஷம். முதல் ஸ்டாப்புலருந்து கடைசி ஸ்டாப்புக்குப் போக எத்தனை நிமிஷம்?"

அவள் விரலைக்கூட மடக்கவில்லை. "பதினெட்டு. இதுவும் பந்தக் கணக்குத்தான டீச்சர்?"

"அப்ப மத்த கணக்கெல்லாம் ஏன் போடாம விட்ட?"

"எல்லாம் ஒரே கணக்குத்தான் டீச்சர். நம்பரு மட்டும் வேற. ஒண்ணு போட்டுட்டேன்ல."

ஜெசிந்தா டீச்சர் என் பக்கம் திரும்பினார். என் முறை. பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "வள்ளி, நான் ஒங்கிட்டத் தப்பாச் சொல்லிட்டேன். இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வரும். நல்லாவே வரும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு" என்றேன்.

வள்ளி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்கு ஏறாதுன்னீக. இன்னைக்கு வரும்ங்கிறீக. நான் எதை டீச்சர் நம்புறது?"

"கணக்குல நான் தப்பு. ஒன் மக சரி. நான் எழுதுன விடையே தப்பு" என்றேன்.

"டீச்சரு தப்புப் போடுவாகளா?" என்றாள் வள்ளி. கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டாள்.

"போட்டுட்டேனே தாயி" என்றேன்.

வள்ளி தொட்டில்களைக் காட்டி, "நீங்க சொல்றது சரி. இந்த ரெண்டையும் யாரு பாக்குறது? எந்தங்கச்சி தனியாக் கெடந்து சாகுறா" என்றாள். ஜெசிந்தா டீச்சரிடம் அதற்கும் ஒரு வழி இருந்தது. அவருடைய கல்யாணமாகாத அக்கா இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். "எங்கக்கா காலையில வந்து சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிருவா. பிள்ளைக தவழுற வரைக்கும். அதுக்கு நான் பொறுப்பு" என்றார். அக்காவிடம் இன்னும் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த அக்கா ஆறு மாதம் தினமும் வந்து பிள்ளைகளையும் பார்த்தார், தன் தங்கை ஜெசிந்தா டீச்சரையும் தினமும் போனில் கூப்பிட்டுத் திட்டினார். அடக்கத்தன்று அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ சொன்னா மறுக்க முடியாது டீச்சர், அப்படி ஒரு ராங்கிக்காரி" என்று அழுதார்.

அடுத்த திங்கட்கிழமை முத்தரசி பள்ளிக்கு வந்தாள். அவளைத் தனியாக உட்கார வைக்கவோ, மேல் வகுப்புக்குத் தூக்கிப் போடவோ ஜெசிந்தா டீச்சர் சம்மதிக்கவில்லை. கெட்டிக்காரி என்று அவள் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். பத்துக் கணக்கில் இரண்டு போட்டால் போதும், மிச்ச நேரத்துக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலையை நான்தான் தயார் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. "ஒரு நாளைக்கு ஒரு தடவையாச்சும் பிள்ளை திணறணும் டீச்சர். திணறாம வீட்டுக்குப் போனா நாம அன்னைக்கு ஒண்ணும் சொல்லிக்கொடுக்கல" என்பார். திணற வைப்பது அப்படியொன்றும் லேசில்லை. நாட்காட்டியைக் காட்டி அடுத்த வருஷம் இதே தேதி என்ன கிழமை என்று கேட்டால், ஏன் ஒரு நாள் தள்ளி வருகிறது என்று என்னையே திருப்பிக் கேட்பாள். பள்ளி விட்ட பிறகு நானும் ஜெசிந்தா டீச்சரும் உட்கார்ந்து கேள்வி தேடுவோம். பல கேள்விகளுக்கு எங்களுக்கே விடை தெரியாது. எனக்கு வெட்கமாக இருக்கும். அவருக்கு இருக்காது. "நமக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியுது. இதுல நமக்கென்ன கொறைச்சல்?" என்று சிரிப்பார்.

ஐம்பத்தெட்டு வயதில் நான் மறுபடியும் ஆசிரியை ஆனேன் என்றால் மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆனால் அதுதான் நடந்தது. கடைசி இரண்டு வருஷம் நான் ஒவ்வொரு தாளையும் அவர் பார்த்த மாதிரியே பார்த்தேன். அரும்பில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இது எப்படி வந்தது என்று கேட்டேன். இன்னொரு முத்தரசி கிடைக்கவில்லை. ஆனால் கேட்கக் கேட்க, எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட வாய் திறந்து பேச ஆரம்பித்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மெலிந்து, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். முத்தரசி இப்போது காரைக்குடியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். இந்தத் தடவை மூன்றாம் ராங்க்தான் என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன். "ராங்க்க யாரு கேட்டா. இன்னும் கேள்வி கேக்குறாளா?" என்றார். கேட்கிறாள், வாத்தியார்கள் ஓடி ஒளிகிறார்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்கு அவரிடம் ஒன்று கேட்டேன். வெகுநாளாக எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. முத்தரசி ஒருத்தியைத்தான் நாம் பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கூட்டி வந்தோம், அவளுக்கு முன்னால் இருபது வருஷமாக நான் எத்தனை பிள்ளைகளின் அம்மாவிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன் என்று கேட்டேன். விடுங்கள் டீச்சர், அந்தக் காலம் அப்படி என்று வேறு யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். சாகக் கிடந்த நேரத்திலும் அவர் அப்படிச் சொல்லவில்லை.

"பேரு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"மூணு பேரு நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன்.

"போய்ப் பாருங்க" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடக்கம் முடிந்து நான்கு நாள் கழித்து, காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். அந்த மூன்று பேரில் ஒருத்தியான செல்வராணி அங்கே ஜாக்கெட் துணிப் பிரிவில் வேலை பார்க்கிறாள் என்று விசாரித்து வைத்திருந்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என் மூன்றாம் வகுப்பில் இருந்தவள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், நல்லா இருக்கீகளா?" என்று முகமெல்லாம் சிரிப்பாக ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. "ஒங்கம்மாகிட்ட ஒனக்குப் படிப்பு ஏறாதுன்னு சொன்னேன் தாயி. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள். அதைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "அது நெசம்னுதான டீச்சர் நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். துணியை அடுக்கில் வைத்துவிட்டு, "அப்ப எனக்குப் படிப்பு வந்திருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள்.

வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவளுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்லாமல் இருப்பதைத்தான் ஜெசிந்தா டீச்சர் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

"எனக்குத் தெரியல தாயி" என்றேன். "நான் ஒன்னயப் பாக்கவே இல்லையே."